கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது

முன்னுரை

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் தினமாக நாம் கொண்டாடுகிறோம். டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்த நாள் அது என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். அதே நாளில் பிறந்த மற்றொரு பெருமகனாரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? அவர்தாம் வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழர் என்றும், செக்கிழுத்த செம்மல் என்றும் தமிழகம் போற்றும் தியாகி.

இராயபுரத்திலும், காசிமேட்டிலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் வாழும் நமக்குக் கப்பல் புதிதன்று. துறைமுகத்துச் சங்கொலி கேட்டுக் கண்விழிக்கும் வீடுகள் நம் பகுதியில் பல. நம் தந்தையரும் அண்ணன்மாரும் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். ஆயினும், ஒரு காலத்தில் நம் கடலில் நம்மவர் சொந்தமாக ஒரு கப்பல் விடுவதே இராஜத் துரோகம் போலக் கருதப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கிறோமா? அந்தக் காலத்தில் துணிந்து கப்பல் விட்டவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்னும் ஊர் உள்ளது. வீரபாண்டியக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகில் உள்ள ஊர் அது. அங்கே 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மூத்த மகனாகச் சிதம்பரனார் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற வழக்கறிஞர். எட்டயபுரம் ஜமீனுக்கும் அவரே வழக்குகளைக் கவனித்து வந்தார். இதனால் அதே எட்டயபுரத்தில் பிறந்த மகாகவி பாரதியாருக்கும் நம் சிதம்பரனாருக்கும் பிற்காலத்தில் நெருங்கிய நட்பு உண்டாயிற்று.

சிதம்பரனார் முதலில் தம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் தமிழ் கற்றார். பிறகு தூத்துக்குடிக்குச் சென்று புனித சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் பயின்றார். கிறிஸ்தவப் பள்ளிகளில் பயின்ற அவர், பிற்காலத்தில் சைவ சித்தாந்தத்திலும் திருக்குறளிலும் பெரும்புலமை பெற்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது. பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1895இல் ஒட்டப்பிடாரத்திலேயே வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார்.

ஏழைகளுக்காக வாதாடும்போது அவர் பணத்தைப் பெரிதாக எண்ணியதில்லை. காவல்துறையினர் பொய் வழக்குப் போட்டால், அதனைப் பொய் என்று நிரூபித்துவிட்டுத்தான் ஓய்வார். இதனால் அதிகாரிகளின் பகை வளர்ந்தது. மகனுக்கு என்ன நேருமோ என்று அஞ்சிய தந்தை, 1900ஆம் ஆண்டில் அவரைத் தூத்துக்குடிக்குச் சென்று தொழில் செய்யுமாறு அனுப்பி வைத்தார். சிறிய ஊரில் சிறு தொல்லை வேண்டாம் என்று அனுப்பினார் தந்தை. கடற்கரை நகரத்தில் பெரிய வேலை ஒன்று மகனுக்காகக் காத்திருந்ததை அவர் எப்படி அறிவார்?

இல்லறத்தில் ஓர் ஒளி

சிதம்பரனாரின் முதல் மனைவியார் வள்ளியம்மை அம்மையார். அவரைப் பற்றி ஒரு செய்தியைப் பெண்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டும். இராமையா தேசிகர் என்னும் பெரியவர் ஒருவர் இருந்தார். கண்பார்வை இல்லாதவர், ஆனால் ஞானம் மிக்கவர். அவரைச் சிதம்பரனார் தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். அவர் வேறு சாதியைச் சேர்ந்தவர் என்பதால் உறவினர்கள் முகம் சுளித்தனர், பலவாறு ஏசினர். இந்தப் பேச்சுக்களைக் கேட்டு மனைவியார் வருந்துவாரோ என்று சிதம்பரனாருக்கே ஐயம் எழுந்தது. வள்ளியம்மையாரோ அந்தப் பெரியவருக்குத் தம் கையாலேயே உணவளித்து, தந்தையைப் போலப் பேணினார். ஊர்ப்பேச்சைவிட மனிதர் பெரியவர் என்று காட்டிய அந்த உத்தமி 1901ஆம் ஆண்டிலேயே காலமானார். அம்மையாரின் குணத்தைச் சிதம்பரனார் தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளாக எழுதியபோது நன்றியோடு பாடி வைத்தார்.

பிறகு மீனாட்சி அம்மையாரை மணந்தார். அந்த அம்மையார் பட்ட துன்பங்களைப் பின்னர்க் காண்போம்.

சுதேசி எண்ணம்

1905ஆம் ஆண்டில் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அந்நியத் துணியை வாங்காதீர், அந்நியப் பொருளைத் தொடாதீர் என்னும் முழக்கம் எங்கும் கேட்டது. இதுவே சுதேசி இயக்கம் எனப்பட்டது. மராட்டியத்தில் பாலகங்காதர திலகரும், வங்காளத்தில் விபின் சந்திர பாலரும் இதன் தலைவர்களாக விளங்கினர். திலகரைத் தம் குருவாகவே கருதினார் சிதம்பரனார்.

இந்தக் காலத்தில் அவர் ஒருமுறை சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் இருந்த சுவாமி இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்தார். விவேகானந்தரின் உடன்துறவியான அவருடன் பேசியபோது, சுதேசியம் பற்றிய விதை தம் உள்ளத்தில் ஊன்றப்பட்டது என்று சிதம்பரனார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். தூத்துக்குடிக்குத் திரும்பியதும் தரும சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டக சாலை முதலியவற்றை ஏற்படுத்தினார். அவருக்கு மேடைப் பேச்சு மட்டும் போதவில்லை. செய்து காட்ட வேண்டும் என்பதே அவர் இயல்பு.

கப்பல் கம்பெனி

தூத்துக்குடிக்கும் இலங்கையின் கொழும்புக்கும் இடையே அக்காலத்தில் வாணிபம் மிகுதி. அரிசி, பருத்தி, உப்பு, கருவாடு எனப் பல சரக்குகளும், தோட்டங்களுக்குச் செல்லும் கூலி மக்களும் இந்த வழியாகவே சென்றனர். ஆனால் கப்பல்கள் யாவும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் ஆங்கிலேயக் கம்பெனிக்கே உரியவை. அவர்கள் கேட்டதே கட்டணம். அவர்கள் வைத்ததே சட்டம். பாண்டியர் காலத்தில் முத்தும் மிளகும் ஏற்றித் தமிழர் கலம் செலுத்திய அதே கடலில், தமிழர் கூலிக்குப் பயணம் செய்யும் நிலை வந்திருந்தது.

இதனைக் கண்ட சிதம்பரனார், கடலில் இருந்து ஆங்கிலேயரின் வாணிபத்தை விரட்டினால் கரையில் இருந்து அவர்களின் ஆட்சியும் நாளடைவில் விலகும் என்று கணித்தார். வாணிபம் செய்ய வந்தவர்கள்தாமே நாட்டைப் பிடித்தார்கள்? எனவே 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகர் 2 இலட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கினார். சிதம்பரனார் உதவிச் செயலாளர் என்னும் சிறிய பதவியை ஏற்றுக்கொண்டு பெரிய சுமையைத் தூக்கினார். இந்துவும் முஸ்லிமும், ஜமீன்தாரும் சிறு வணிகரும் ஒரே கப்பலுக்காகப் பணம் போட்ட காட்சி எவ்வளவு அழகானது!

கம்பெனி தோன்றிவிட்டது, ஆனால் கப்பல் எங்கே? முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தனர். ஆங்கிலக் கம்பெனியார் மிரட்டியதும் வாடகைக்குக் கொடுத்தவர் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மனந்தளராத சிதம்பரனார் கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். எனினும் இரவல் கப்பலில் எத்தனை நாள் ஓட்டுவது? சொந்தக் கப்பல் வாங்கியே தீர்வது என்று பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது அவருடைய மூத்த மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். நண்பர்கள் தடுத்தனர். மகனையும் மனைவியையும் இறைவன் காப்பான் என்று கூறிவிட்டு, கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலிலேயே உயிர் விடுவேன் என்று சபதம் செய்து அவர் சென்றார் என்பர்.

சபதம் பலித்தது! 1907ஆம் ஆண்டில் எஸ். எஸ். காலியா என்னும் கப்பல் தூத்துக்குடியை அடைந்தது. எஸ். எஸ். லாவோ என்னும் மற்றொரு கப்பலும் பிரான்சு நாட்டிலிருந்து வாங்கப்பட்டு வந்து சேர்ந்தது. காலியாவில் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளும், அவர்களைத் தவிர முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளும் செல்லலாம்; 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். நம் நாட்டவர் கப்பல் துறைக்குள் நுழைந்த அன்று தூத்துக்குடி மக்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. பாரதியார் தம் இந்தியா பத்திரிகையில் அதனை உவகையோடு எழுதினார்.

போட்டியும் சூழ்ச்சியும்

மக்களும் வணிகரும் சுதேசிக் கப்பலையே நாடினர். ஆங்கிலக் கம்பெனிக்குப் பெருநட்டம். எனவே அது தன் கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக, அதாவது அரை ரூபாயாகக் குறைத்தது. உடனே ஆங்கிலக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோருக்கு ஒரு குடை பரிசளிப்பதாகவும் அறிவித்தது என்பர். கட்டணமும் இல்லை, குடையும் உண்டு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனாலும் பணம் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய ஏழைகள் பலர் இருந்தனர். எட்டணா அக்காலத்தில் சிறிய தொகையன்று. அந்த ஏழைகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஆனால் கப்பலோட்டிய பெருமையில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதே என் எண்ணம்.

அரசாங்க அதிகாரிகளும் ஆங்கிலக் கம்பெனியின் பக்கமே நின்றனர். போட்டி இரண்டு கம்பெனிகளுக்கு இடையே நடப்பதாக வெளியே தோன்றியது. உண்மையில் ஒரு பெரும் பேரரசை எதிர்த்து ஒரு சிறிய ஊரின் வக்கீல் நின்று கொண்டிருந்தார்.

கோரல் மில் வேலைநிறுத்தம்

தூத்துக்குடியில் கோரல் மில் என்னும் நூற்பாலையை ஆங்கிலேயர் நடத்தி வந்தனர். அங்கே கூலி மிகக் குறைவு. வேலை நேரமோ மிக அதிகம். வார விடுமுறை கிடையாது. பெண்களும் சிறுவர்களும்கூட நெடுநேரம் உழைத்தனர். சிதம்பரனாரும் அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளரிடையே பேசினர். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும், மற்ற விடுமுறைகளும் அவர்கள் கேட்டவை.

வேலைநிறுத்தம் என்றால் அடுப்பு அணையும் என்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அன்றாடக் கூலியில் வாழ்பவர் ஒரு வாரம் கூலியின்றி எப்படி உண்பார்? இதனை உணர்ந்த சிதம்பரனார் ஊராரிடம் நிதி திரட்டினார். தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். தொழிலாளர் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டார். ஊர் மக்களும் துணை நின்றனர். ஆங்கிலேயருக்குப் பரிந்து பேசிய ஒருவருக்கு நாவிதர் முகச்சவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஒன்பது நாள்களுக்குப் பின் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

இன்று நம் தந்தையர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறார்கள். நம்மோடு ஆலயத்துக்கோ கடற்கரைக்கோ வருகிறார்கள். அந்த ஒரு நாள் ஓய்வு தானாகக் கிடைத்துவிடவில்லை. கோரல் மில் வெற்றிக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் நம் வடசென்னையில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே. அந்த வழியில் முன்னரே நடந்து காட்டியவர்களுள் ஒருவர் சிதம்பரனார்.

கைதும் தண்டனையும்

விபின் சந்திர பாலர் 1908ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் சிறையிலிருந்து விடுதலையானார். அந்த நாளைத் திருநெல்வேலியில் விழாவாகக் கொண்டாடச் சிதம்பரனாரும் சிவாவும் ஏற்பாடு செய்தனர். கலெக்டர் விஞ்சு துரை தடுத்தும் கூட்டம் நடந்தது. மார்ச் 12ஆம் நாள் கலெக்டர் அவர்களை அழைத்துப் பேசி, அங்கேயே கைது செய்தார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டனர்.

வழக்கு நடந்தது. அரசுக்கு எதிராகப் பேசியது ஒரு குற்றம். சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்து உதவியது மற்றொரு குற்றம்! 1908ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பு வழங்கினார். முதற்குற்றத்துக்கு 20 ஆண்டு, இரண்டாம் குற்றத்துக்கு 20 ஆண்டு, ஆக மொத்தம் 40 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை. அப்போது சிதம்பரனாருக்கு வயது 35. கணக்கிட்டுப் பாருங்கள்! அந்தத் தண்டனை முழுமையும் நிறைவேறியிருந்தால் அவர் வெளியே வரும் ஆண்டு 1948. நாடு விடுதலை பெற்றதற்கு அடுத்த ஆண்டு!

தீர்ப்பைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப் போனார். கடைசி வரை அவர் குணமடையவில்லை. பின்னர் மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. ஆனால் அந்த வீட்டில் நேர்ந்த இழப்பை எந்த நீதிமன்றத்தால் ஈடுசெய்ய முடியும்?

செக்கிழுத்த செம்மல்

கோயமுத்தூர்ச் சிறையில் சிதம்பரனாருக்கு முரட்டுச் சணல் உடை கொடுத்தனர். சணல் கிழிக்கும் வேலையில் கைத்தோல் உரிந்து இரத்தம் வழிந்தது. அதன்பின் எண்ணெய்ச் செக்கில் பூட்டினர். மாடு இழுக்கும் செக்கை மனிதர் இழுத்தார். நீதிமன்றத்தில் வாதாடிய வக்கீல், கம்பெனி நடத்திய வணிகர், தமிழ் நூல்களைக் கற்றுத் தேர்ந்த புலவர் கொளுத்தும் வெயிலில் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். 1910ஆம் ஆண்டு டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

இவ்வளவு துன்பத்திலும் அவர் உள்ளம் ஒடியவில்லை. சிறையில் தமிழ் நூல்களை ஆராய்ந்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலைத் தமிழில் மொழிபெயர்த்தார். தம்மை அடக்கிய நாட்டவரின் மொழியிலும் நல்லது இருந்தால் அதனை எடுத்துத் தம் மக்களுக்கு அளித்தார். மெய்யறம் என்னும் அறநூலையும் இயற்றினார்.

வெளியே என்ன நடந்தது? தலைவர் இல்லாத கப்பல் கம்பெனி தள்ளாடியது. பங்குதாரர்கள் அஞ்சினர். 1911ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் கைமாறின. உயிரைக் கொடுத்து வாங்கிய கப்பல் தம்மைவிட்டுப் போன செய்தி சிறைக்குள் அவரை அடைந்தபோது, அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மீனாட்சி அம்மையாரோ சிறு குழந்தைகளோடு உற்றார் உதவியை நம்பிக் காலம் கழித்தார். செல்வத்தில் பிறந்த குடும்பம் வறுமையில் விழுந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் சிறைக்குச் சென்றவரைப் பற்றி எழுதுகின்றன. சிறைக்கு வெளியே குழந்தைகளுக்குச் சோறிட வழி தேடிய தாயைப் பற்றி அவை அதிகம் எழுதுவதில்லை. அந்தத் தாயும் ஒரு தியாகியே.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் சிதம்பரனார் விடுதலை ஆனார். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நாள் அது. ஒரு காலத்தில் அவர் பின்னே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அன்று சிறை வாயிலில் மாலையும் இல்லை, முழக்கமும் இல்லை. சிறையிலே தொழுநோய் பற்றி உருமாறிப் போயிருந்த சுப்பிரமணிய சிவா ஒருவரே அங்குக் காத்து நின்றார் என்பர். உலகம் மறந்தாலும் உண்மை நண்பன் மறப்பதில்லை.

சென்னை வாழ்வு

தண்டனை பெற்றவர் என்பதால் அவருடைய வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. திருநெல்வேலி மாவட்டத்துக்குத் திரும்பவும் தடை. எனவே குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, நமக்கு அருகில் உள்ள பெரம்பூர் ஆகிய இடங்களில் அவர் குடியிருந்தார். பிழைப்புக்காக அரிசிக் கடை வைத்தார், நெய் விற்றார். எதுவும் நிலைக்கவில்லை. கப்பல் வாங்கியவர் படி அரிசி அளந்து விற்றார். ஆனால் அதனை அவர் இழிவாக எண்ணவில்லை. இந்நாள்களில் அவர் தொழிலாளர் இயக்கத்திலும் பங்கு கொண்டார்.

1915ஆம் ஆண்டில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பி, சென்னைக்கு வந்தார். ஜார்ஜ் டவுனில் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் இல்லத்தில் தங்கியிருந்தார். சிதம்பரனார் அவரைச் சந்தித்தார். சிதம்பரனாரின் துன்பத்தைக் கேள்வியுற்ற தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்காகச் சிறு நிதி திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தனர். கடிதங்கள் பல சென்று வந்தபின், 1916ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா சிதம்பரனார் கைக்குக் கிடைத்தது. 10 இலட்சம் ரூபாய்க் கம்பெனியை உருவாக்கியவர் இந்தத் தொகைக்காக மாதக் கணக்கில் காத்திருந்தார் என்றால், அந்த வீட்டின் நிலைமையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். கடல் கடந்து சென்ற தமிழர்கள் அவரை மறக்கவில்லை என்பதே இதில் நமக்கு ஆறுதல்.

வறுமையிலும் தமிழை அவர் கைவிடவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையின் அறத்துப்பாலை 1917ஆம் ஆண்டில் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் இயற்றிய உரையையும் வெளிக்கொணர்ந்தார். மாலையில் நண்பர்களுக்குத் திருக்குறள் பாடம் சொன்னார்.

இறுதிக் காலம்

1920ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய காங்கிரசில் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் தீர்மானம் நிறைவேறியது. சிதம்பரனார் அதனை ஏற்கவில்லை. தாம் சரியென்று நம்பாத ஒன்றைக் கூட்டத்துக்காக ஒப்புக்கொள்ள அவரால் இயலவில்லை. எனவே அரசியலிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கினார்.

பிறகு வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயரின் ஆட்சியால் செக்கிழுத்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் பிள்ளைக்குச் சூட்டினார்! அநீதியை எதிர்த்தாரே அன்றி எந்த இனத்தையும் அவர் வெறுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோவில்பட்டியில் சில ஆண்டுகள் தொழில் நடத்திய பின் 1932ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கே திரும்பினார். உடல் நலிந்தது. சாவு நெருங்குவதை உணர்ந்து ஓர் உயில் எழுதுவித்தார். அதில் ஆஸ்தியைவிடக் கடனே மிகுதி. வீட்டு வாடகை பாக்கி, துணிக்கடை பாக்கி, எண்ணெய்க்கடை பாக்கி என்று யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஒழுங்காகக் குறித்து வைத்தார். யாருக்கும் தம்மால் ஒரு காசு நட்டம் நேரக் கூடாது என்பது அவர் கவலை. நாட்டுக்காக எல்லாவற்றையும் கொடுத்தவருக்கு நாடு எவ்வளவு பாக்கி என்று ஓரிடத்திலும் அவர் எழுதவில்லை.

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் நீத்தார். அங்கேயே தம் உயிர் பிரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். விடுதலை வர இன்னும் பதினோர் ஆண்டுகள் இருந்தன.

நாடு செலுத்திய கடன்

நாடு அவரைக் காலந்தாழ்த்தியே நினைத்தது. 1949ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வ. உ. சிதம்பரம் என்னும் பெயர் தாங்கிய கப்பலை இராஜாஜி தொடங்கி வைத்தார். ம. பொ. சிவஞானம் அவர்கள் எழுதிய நூலால் கப்பலோட்டிய தமிழன் என்னும் பெயர் வீடெங்கும் பரவியது. 1961ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் நடித்து அதே பெயரில் திரைப்படமும் வந்தது. நூற்றாண்டான 1972இல் அஞ்சல் தலை வெளியாயிற்று. 2011ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் இழுத்த செக்கைச் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இன்றும் காணலாம். சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் செல்லும் நாம், சில நிமிடங்கள் அந்தக் கல்செக்கின் முன்னும் நின்று வர வேண்டும்.

முடிவுரை

சிதம்பரனாரின் கப்பல் சில ஆண்டுகளே ஓடியது. கம்பெனி மூழ்கியது, செல்வம் கரைந்தது, சிறைவாசம் உடலைக் கெடுத்தது. உலகக் கணக்கில் பார்த்தால் அவர் தோற்றவரே. ஆனால் அவருக்கு முன் ஆங்கிலேயரின் கப்பலோடு போட்டியிட முடியும் என்று தூத்துக்குடியில் யாரும் நம்பவில்லை. அவருக்குப் பின், முடியும் என்பதை எல்லோரும் அறிந்தனர். அச்சத்தை உடைத்ததே அவருடைய வெற்றி. தேர்வில் முதலிடம் பெறுவதையே வெற்றி என்றும், கை நிறையச் சம்பளம் பெறுவதையே வாழ்வு என்றும் எண்ணும் நமக்கு இவருடைய வாழ்க்கை வேறொரு அளவுகோலைத் தருகிறது.

தோழியரே! நாம் எல்லோரும் கப்பல் வாங்க முடியாது. ஆனால் கூலி உழைப்பாளரை மதிக்கலாம். சாதி பார்த்து ஒருவரை ஒதுக்குவோர் நடுவே வள்ளியம்மையாரைப் போல நடக்கலாம். வாங்கிய கடனையும் பெற்ற நன்றியையும் மறவாமல் இருக்கலாம். கைவிடப்பட்டவர் வெளியே வரும்போது, சிவாவைப் போல வாயிலில் ஒருவராகவேனும் நிற்கலாம். இவை நம்மால் இயலும். செப்டம்பர் 5ஆம் நாள் நம் ஆசிரியைகளுக்கு மலர் கொடுக்கும்போது, அந்தப் பெரியவருக்கும் மனத்தால் ஒரு மலர் சாத்துவோமாக!

வாழ்க சிதம்பரனார் புகழ்! வளர்க நம் பாரதம்!